முட்டி ரசீது

டுலூத் ஊரில் மார்ச் என்றால்
குளிர் இன்னும் கிளம்ப மனமில்லாத மாதம்.
போன வருடம் தபால் பெட்டிவரை நடந்ததற்கு
ஒரு மணிக்கட்டைக் கொடுத்தேன்.
கட்டுப் பிரிக்கும்போது முடிவு செய்தேன்:
போர்ச்சுகல். ப்ராகாவில் மூன்றாம் மாடி,
இங்கத்திய வாடகையில் பாதி,
படியில் பனி கிடையாது.

ஓய்வுக் கணக்கு வைத்திருக்கிறவர்களின் தொலைபேசியில்
முப்பத்தெட்டு நிமிடம் பியானோ.
பிறகு ட்ரெவின் என்ற பையன்.
"பணம் இங்கேயே இருக்கலாம், மேடம்,
புதிதாக எதையும் வாங்க மட்டும் முடியாது.
அமெரிக்க முகவரி ஏதாவது உண்டா?"
இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்துகளுக்கு
வழி சொன்னவள் நான்.
எந்த முக்கில் எந்தப் பிள்ளை ஏறும் என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
அவனுக்குச் சொல்ல ஒரு தெரு இல்லை.
பிறகு அழைக்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

மருத்துவச் சேமிப்புக் கணக்கு வேறு ஜாதி.
வரி பார்க்கும் கோவால்சிக் அம்மாள்
கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.
"அங்கே இருக்கும் வரிக்காரருக்கு
இது என்ன ஜந்து என்றே தெரியாது.
கறக்க முடிந்ததை இங்கேயே கறந்துவிட்டுப் போ.
கைக்காசில் கட்டிய பழைய ரசீது இருக்கிறதா?
கணக்கு தொடங்கியதற்குப் பிந்தியது என்றால்
எத்தனை வருடமானாலும் செல்லும்."

இருக்கிறதாவா!
பனிக்காலணி வந்த அட்டைப்பெட்டி கொள்ளாமல் இருக்கிறது.
கடைவாய்ப் பல்லுக்கு மூடி, தொள்ளாயிரத்து நாற்பது.
கண்ணாடி. மறுபடி கண்ணாடி.
சைக்கிளிலிருந்து விழுந்த நீலுக்கு
தாடையில் ஆறு தையல்.
அடியில், இரண்டாயிரத்துப் பதின்மூன்று அக்டோபர்,
ஆர்லனின் வலது முட்டி:
நாலாயிரத்து முந்நூற்றுச் சொச்சம்.

விவாகரத்தில் முட்டி அவனோடு போயிற்று,
படகும் போயிற்று.
இப்போது ஏரிக்கரையில்
டியான் என்பவளின் நாயை மாலைதோறும்
நடத்திக்கொண்டு போகிறது
நான் பணம் கட்டிய முட்டி.
இது செல்லுமா என்று கூச்சத்தோடு கேட்டேன்.
"அன்றைக்கு அவன் உன் கணவன்தானே?
அப்படியானால் செல்லும்."
எங்கள் கல்யாணம் செல்லுபடியாகிற ஒரே இடம்
வரிச்சட்டம்தான் போலிருக்கிறது.

ஆனால் தாள் வெளுத்துவிட்டது.
மையில்லாமல் சூட்டில் அச்சடித்த வழவழப்புத் தாள்,
இருட்டில் சும்மா கிடந்தே வெளுத்துவிட்டது.
ஜன்னலில் ஒட்டிப் பார்த்தேன், விளக்கில் காட்டினேன்.
அடியில் "நன்றி" மட்டும் மிச்சம்.
மருத்துவமனையில் அந்த வருடத்துக் கோப்புகளை
எப்போதோ அழித்தாகிவிட்டதாம்.

மூன்று நாள் தள்ளிப்போட்டு அவனை அழைத்தேன்.
"முட்டி எப்படி இருக்கிறது?"
"மழை வருவதை முந்திச் சொல்லிவிடுகிறது."
காரணத்தைச் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன்.
தொலைபேசியை எங்கோ வைத்துவிட்டுப் போனான்.
இழுப்பறை திறக்கிற சத்தம், நாய்,
இன்னோர் இழுப்பறை.
"கிடைத்துவிட்டது. நகல் எடுத்து வைத்திருந்தேன்."
ஏன் என்று நான் கேட்கவில்லை,
அவனும் சொல்லவில்லை.

மறுநாள் காரை அணைக்காமல் வந்து நின்றான்,
கையுறையோடு நீட்டினான்.
நகலின் பின்பக்கம் என் கையெழுத்து:
எட்டு மணிக்கு மாத்திரை. இருபது நிமிடம் ஐஸ்.
நான் வரும்வரை மாடி ஏறாதே.
"முகவரி வேண்டுமென்றால் என்னுடையதைக் கொடு" என்றான்,
"கடிதம் வந்தால் எடுத்து வைக்கிறேன்."
வைப்பான், தெரியும்.
வேண்டாம் என்றேன்.

முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்தேன்.
நாலாம் நாள் பணம் வந்தது,
பெட்டியிலிருந்த மற்றவற்றையும் சேர்த்து.
விமானச் சீட்டு போக
ஒரு நல்ல மழைக்கோட்டுக்கும் மிஞ்சியது.

பிறகு ட்ரெவினை அழைத்தேன். மறுபடி அதே பியானோ.
நாலு தடவை சொல்லிப் பழகிய தெருப்பெயரை
எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.
கதவு எண். மூன்றாம் மாடி. இடதுபக்கம்.
அவன் கேட்கவில்லை, இருந்தாலும் சொன்னேன்:
ரயிலடியிலிருந்து வந்தால்
இரண்டாவது சர்ச் தாண்டி
மேடேறும் சந்தில் திரும்பு.